மண்வெட்டி கிள்ளானுக்கு வந்து சேராத காரணம்

சிவமயம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
பவ வருஷம் ஐப்பசி மாதம் 3ந் தேதி

கிள்ளானில் தன் அண்ணன் பாலன் வீட்டில் எழுந்தருளியிருக்கும் மகள் பவுனம்மாளுக்கு, இருபத்திரண்டு வருஷமாக ரயில்வே கேட்டைத் திறந்து மூடி, துரைமார் காரையும் எருமைக் கூட்டத்தையும் ஒரே கம்புக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்த உன் சித்தப்பன் ரெங்கசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் சித்தி நல்லம்மாளும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் இடுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நீயும் உன் புருஷன் நாகையாவும். அவ்விடம் பாலன், அவன் பெண்சாதி, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அம்மா அது? குட்ஸ் வண்டி ரசீது. மண்வெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று, பாராங்கத்தி ஒன்று, இரும்பு வாரி ஒன்று, பூவாளி ஒன்று, விதை டின் ஒன்று, ஆக ஆறு உருப்படிகளையும் நாகையாவிடம் வாங்கிச் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றவும், இப்படிக்கு பவுனம்மாள். கட்டின புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு சொல் கிடையாது. கோபித்துக்கொண்டு போன பெண் புடவையைக் கேட்டு எழுதினால் பத்து நாளில் வந்துவிடுவாள் என்று அர்த்தம். மண்வெட்டியைக் கேட்டு எழுதினால், போன இடத்திலேயே பாத்தி கட்டி உட்காரப் போகிறாள் என்று அர்த்தம். இது உன் சித்திக்கே புரிந்துபோய், அன்றைக்கு ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள். குடித்தவன் நான்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். ஆவணி மாதம் நடந்த யுத்தத்தில் இரண்டு பக்கமும் குற்றம் உண்டு. நீ அவனுடைய அரத்தை எடுத்துப் பாராங்கைத் தீட்டினாய். போகட்டும். தீட்டின அரத்தை வெண்டைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு, மழையைக் கண்டதும் துணி எடுக்க ஓடினாயே, அது என்ன வழக்கம்? ஃபிட்டர் வேலை செய்கிறவன் அரத்தைக் கைக்குழந்தையைப் போல எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பான். மூன்றாம் நாள் அது மண்ணுக்குள் இருந்து செங்கல் நிறத்தில் வெளியே வந்தால் அவன் கும்மியா அடிப்பான்?

ஆனாலும் அவன் சொன்ன வார்த்தை பெரிய தப்பு. "இந்தத் தகரக் குப்பைக்கு என் அரம் கேக்குதா?" என்று கத்தி, உன் சாமான்களை வாரிக் கோழிக்கூட்டுப் பக்கம் எறிந்தான். லோகோ ஷெட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகி, பாதி லைன் வீடுகள் மூட்டை கட்டி ஊருக்குக் கப்பலேறிய காலத்தில், அவன் வயிற்றுக்குள் போனதெல்லாம் அந்தத் தகரக் குப்பை கொத்திக் கொடுத்த கீரையும் மரவள்ளியும்தானே! இதை நீ அப்போதே பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்லியிருந்தால், சாயங்காலம் தேத்தண்ணீர் குடிக்கும்போது சண்டை முடிந்திருக்கும். நீ வாயே திறக்கவில்லை. கோழிக்கூட்டுப் பக்கம் போய், உன் சின்னக் களைக்கொத்தை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாய். இரண்டு பேரையும் ஒரே தூணில் கட்டி வைக்க எனக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

நிற்க. உன் உத்தரவுப்படி சாமான்களை மீட்க நான் மூன்று முறை படையெடுத்தேன். மூன்று முறையும் தோற்றேன்.

முதல் படையெடுப்பு புரட்டாசி முதல் ஞாயிறு. கோழிக்கூட்டுப் பக்கம் நீ சாமான் போட்டு வைக்கிற சாக்கு வெறுமையாகக் கிடந்தது. நாகையா பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து உன் மண்வெட்டிக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான். எஞ்சின் சக்கரத்துக்குப் போடுகிற அதே கறுப்பு கிரீஸ். இரும்புக்குப் பூசினால் துரு ஏறாது, சரி. இந்த மகா மேதாவி மரப்பிடிக்கும் சேர்த்து அடி முதல் நுனி வரை பூசியிருந்தான். ஏனடா என்றால், "எதுக்கும் இருக்கட்டும் மாமா, மழைக்காலம்லா" என்கிறான். நான் மண்வெட்டியைக் கையில் வாங்கினேன். வாங்கினேன் என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அது என் கையை விட்டு வழுக்கிப் பறந்து, மூன்று வீட்டுக் கூரையைத் தாண்டி, ரயில் கூலி இல்லாமல் தானே கிள்ளானுக்கு வந்து சேர்ந்திருக்கும். நடுவில் ஒரு தென்னை மரம் நின்று கெடுத்துவிட்டது. அதைப் பிடிக்கத் தாவினபோது பிடித்துக்கொண்டதுதான் இந்த இடுப்பு. கையில் ஒட்டின கிரீஸ் ஒரு வாரம் போகவில்லை. தட்டை எடுத்தால் தட்டு ஓடுகிறது. உன் சித்தி எனக்கு ஊட்டிவிட்டாள், லைனே வந்து வேடிக்கை பார்த்தது.

இரண்டாவது படையெடுப்பு விதை டின்னுக்காக. எறும்பும் ஈரமும் விதைக்குச் சத்துரு என்று எவனோ இவனிடம் சொல்லியிருக்கிறான். உடனே இவன் உன் அவரை விதையையும் வெண்டை விதையையும் ஒரு பால் டின்னில் கொட்டி, மூடியை ஈயம் உருக்கிப் பற்றவைத்துவிட்டான்! அடி பவுனு, விதையை மூடு என்றால் பாய்லரை மூடுகிற மாதிரி மூடுகிறவனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நான் உளியும் சுத்தியலும் வைத்துத் திறந்தேன். திறந்ததும் கமகமவென்று ஒரு வாசனை, பத்துமலைத் தைப்பூசக் கடைத்தெருவில் கடலை வறுக்கிற மாதிரி. உன் சித்தி ஓர் அவரையை எடுத்துக் கடித்துப் பார்த்து, கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம் என்றாள்.

நான் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள். நாகையா சிரிக்கவில்லை. அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு, நீ விதை வாங்குகிற நஜ்முதீன் பாய் கடைக்குப் போனான். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இதில் ஏதாவது முளைக்குமா என்று பாயிடம் கேட்டான். அவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை மென்னுக்கிட்டே வீட்டுக்குப் போங்க" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். விதையை நிழலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலில் பிசறி, துணியில் முடிந்து, புகை படுகிற இடத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார். மரப்பிடிக்குக் கிரீஸ் ஆகாது, மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தேய்க்க வேண்டும் என்றார். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி வெயிலில் வைக்காமல் எந்த மண்வெட்டியையும் வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்றார். பாசாரில் கத்தரிக்காய் என்ன விலை என்றுகூட வாயைத் திறந்து கேட்காத உன் புருஷன், எந்த மரத்துச் சாம்பல் நல்லது என்று அரை மணி நேரம் தர்க்கம் பண்ணினான். கடைக்கு வந்த நாலு பேர் சாமான் வாங்காமலே திரும்பிப் போய்விட்டார்கள்.

விதை எல்லாம் போய்விட்டதே என்று மாரில் அடித்துக்கொள்ளாதே. நீ போன அவசரத்தில் வேலியில் பறிக்காமல் விட்ட பீர்க்கங்காய் நாலும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் கிலுகிலுக்கிறது. அதை இவன் தொடவில்லை, அதனால் பிழைத்தது.

சாமான் வைக்கிற லட்சணத்தில் நீ மட்டும் என்ன ஒழுங்கு? வாரியைப் பல் வானத்தைப் பார்க்கப் போட்டு வைக்கிறவள் நீ. சித்திரையில் நான் அதை மிதித்து, அதன் கம்பு எழுந்து என் நெற்றியில் அடித்த சத்தத்தைக் கேட்டு, சங்கு ஊதிவிட்டது என்று செந்தூல் பட்டறையே வீட்டுக்குக் கிளம்பியது. அந்த வீக்கம் தீபாவளி வரைக்கும் தாங்கும்.

மூன்றாவது படையெடுப்பு முந்தாநாள், ஆயுத பூஜை. பூஜை முடிந்த கையோடு சாமான்களை ஏற்றிவிடலாம் என்று மாட்டு வண்டியே பேசிக்கொண்டு போனேன். போன வருஷம் வரைக்கும் அந்த வீட்டுப் பூஜை எப்படி நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடு அறையில் ஒரு முழுச் சுவர் அவனுக்கு. பட்டறையில் செய்கிற மாதிரி, ஸ்பானர், சுத்தியல், குறடு ஒவ்வொன்றின் உருவத்தையும் சுவரில் கோடு போட்டு, அதன் மேலேயே ஆணியடித்து மாட்டி வைத்திருப்பான். ஒன்று காணாமல் போனாலும் சுவரே காட்டிக் கொடுத்துவிடும் என்று பெருமை அடித்துக்கொள்வான். சந்தனமும் குங்குமமும் அந்தச் சுவருக்கு. உன் மண்வெட்டிக்கு வாசற்படிக்கு வெளியே ஒரு சொட்டுச் சந்தனம், மண் உள்ளே வரக் கூடாதாம்.

முந்தாநாள் உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பழைய கோடுகளுக்கு மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டான். அவன் ஸ்பானர்களைக் காணோம். சுவர் முழுக்க உன் மண்வெட்டி, உன் கடப்பாரை, உன் வாரி, உன் பூவாளி. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கறுப்புக் கோடு. கிரீஸ் எல்லாம் துடைத்து, பிடி எண்ணெயில் பளபளக்கிறது. பாராங்கத்திக்குப் பக்கத்தில், சண்டைக்குக் காரணமான அந்த அரம். துருவைத் தேய்த்து எடுத்து, பாராங்கோடு ஜோடியாக மாட்டியிருக்கிறான். உன் ஸ்பானரெல்லாம் எங்கேயடா என்று அவனைக் கேட்டேன். கோழிக்கூட்டுப் பக்கம் கையைக் காட்டினான். பழைய சாக்குக்குள் கிடக்கிறது! ஒரு ஃபிட்டர் தன் ஸ்பானரைச் சாக்கில் போடுவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

சுவரில் ஒரே ஒரு கோட்டுக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. என் உள்ளங்கை அளவு. கிட்டப் போய்ப் பார்த்தேன். உன் களைக்கொத்து. கல்லில் பட்டு நுனி கொஞ்சம் இடது பக்கம் வளைந்திருக்குமே, அந்த வளைவு முதற்கொண்டு மனத்திலிருந்தே வரைந்திருக்கிறான். ஆணியும் அடித்து வைத்திருக்கிறான். சந்தனக் கிண்ணத்தை எடுத்தவன் முதல் பொட்டை அந்த வெறும் கோட்டுக்குள்தான் வைத்தான்.

நான் சட்டென்று திரும்பி ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். பசி என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் கடமை தவறாதவன். பவுனு எழுதியிருக்கிறாள், எடுத்துக் கொடு, வண்டி வாசலில் நிற்கிறது என்றேன். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. "பூஜைக்கு வச்சது மாமா. அவளோட ஆயுதம். அவதானே முதல்ல எடுக்கணும்? நான் எடுத்துக் கொடுத்தா அது எப்படி?" என்றான். விஜயதசமியும் நேற்றோடு போயிற்று. சுவரில் இருந்தது இருந்தபடி இருக்கிறது. தோட்டத்தில் லாலாங் புல் என் மார் உயரம். உள்ளே ஒரு புலி குட்டி போட்டிருப்பதாகக் கேள்வி. கொத்த மாட்டேன் என்கிறான், என்னையும் கொத்த விட மாட்டேன் என்கிறான். வண்டிக்காரன் வாசலில் நின்று என் பரம்பரையையே வைதுவிட்டுப் போனான். அவன் பேச்சில் பாதி உனக்கும் சேரும், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீயே அவளுக்கு ஒரு வரி எழுதேன் என்று இன்று காலை என் பேனாவை அவன் கையில் திணித்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டான். சரி, என்ன எழுதட்டும் என்று சொல்லித் தொலை என்றேன். அதற்கு அவன் சொன்னான்: "கிள்ளான்ல கடல் காத்து. களைக்கொத்த வெளியில வைக்க வேணாம்னு எழுதுங்க மாமா. துரு ஏறிடும்." அவ்வளவுதான். இரண்டு மாதமாக உனக்கென்று ஒரு சொல்லும் சொல்லி அனுப்பாதவன் வாய் திறந்து சொன்னது இது. எனக்கு வந்த எரிச்சலில் மசிப் புட்டியைக் கவிழ்த்துவிட்டேன். மேலே நீ பார்க்கிற கறை அதுதான், வேறொன்றுமில்லை.

ஆகவே மகளே, ஆறு உருப்படிகளையும் அனுப்ப எனக்குச் சக்தி இல்லை. நான்காவது படையெடுப்புக்கு என்னிடம் இடுப்பும் இல்லை. அங்கே உன்னிடம் இருப்பது ஒரே உருப்படி. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நீ வந்துவிட்டால், அரத்தையும் சேர்த்து ஏழும் ஒரு சுவரில் சேர்ந்துவிடும். கூலி குறைவு, சாக்கும் வேண்டாம். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பீர்க்க விதை இந்த மழைக்குள் மண்ணில் விழ வேண்டும். வந்த பிறகு அவனை நீ ஒரு மாதம் திட்டிக்கொள். நான் குறுக்கே வந்தால் என் பெயர் ரெங்கசாமி இல்லை. ஆனால் வாரியை மட்டும் பல் கீழே பார்க்க வை.

கிள்ளானிலிருந்து வருகிற ரயில் என் கேட்டைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நீ எந்த வண்டியில் வருகிறாய் என்று ஒரு கார்டு போடு. அன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கேட்டை மூடிவிடுகிறேன். பெரிய துரை கார் ஆனாலும் நிற்கட்டும், ஹாரன் அடித்துக் கிழியட்டும். என் மகள் வீடு திரும்புகிறாள் என்று சொல்லிப் பச்சைக் கொடியோடு நான் நிற்பேன். ஜன்னல் பக்கம் உட்கார். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டையோடு ஓர் ஆள் நிற்பான். அவனைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ள உனக்குச் சகல உரிமையும் உண்டு.

பத்துமலை முருகன் துணையிருந்து உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் கார்டுக்காக இடுப்பில் தைலத்தோடு கேட்டடியில் காத்திருக்கும்
சித்தப்பன் ரெங்கசாமி