பட்டைப் பொடியின் சீட்டில் எழுதாதது

ஞாயிறு காலை
மருத்துவமனை வராந்தா

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இன்று அப்படி எழுதினால் பொய். அப்பாவை இங்கே சேர்த்து இன்றோடு ஆறு நாள். பதறாதே, உட்கார்ந்து படி. நன்றாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று தீர்ப்பு சொல்கிறார், நாற்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர் வேறு என்ன சொல்வார். ஆனால் இதயத் துடிப்பு அவ்வப்போது தாளம் தப்புகிறது. கால்களில் இன்னும் பலம் வரவில்லை. நாளைக்கு மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள். மாசமா இருக்கிறவ, பயந்துடுவா, சொல்லாதே என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். போனில் ஆரம்பித்தால் அழுகை வந்து பாதியிலேயே வைத்துவிடுவேன், பாதி சொல்லுகிற பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம், அதனால் முழுதாக எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பெண் மதியம் வரும்போது இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்கு மலச்சிக்கல் என்பது உனக்குத் தெரியும். செய்தித்தாளோடு உள்ளே போனால் வரி விளம்பரம் வரை படித்துவிட்டு, "சைலன்சர் அடைச்சிருக்கு டீச்சர், வண்டி நகரல" என்று வெளியே வருவார். இரண்டு வருடம் முன்னால் சந்தையில் மூலிகைப் பட்டை விற்கிறவரிடம் சொன்னேன், ஒரு கட்டு பட்டை கொடுத்தார். உள்பக்கம் மஞ்சளாக, நாக்கில் வைத்தால் காது வரைக்கும் கசக்கும். புதுப் பட்டை குடலைப் பிடுங்கி வாந்தி எடுக்க வைக்கும், ஒரு வருடம் காயவைத்து அப்புறம்தான் தொட வேண்டும் என்று சொன்னார். நான் விடுவேனா, வெயிலில் காயவைத்து இடித்துப் பொடியாக்கிப் பாட்டில்களில் அடைத்தேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பாட்டில்களுக்கு ஒட்டுவது போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அதில் வாங்கிய தேதி, திறக்க வேண்டிய தேதி. அப்பா நடுவில் எத்தனையோ முறை கேட்டார், "பரீட்சைக்கு முந்தியே கேள்வித்தாள் கேக்கிற மாதிரி கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு நாள்கூட முன்னால் திறக்கவில்லை. அந்தப் பொறுமையில் எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா, பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

பட்டை விற்றவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "ஒரு வாரம் குடுங்கம்மா, அதுக்கு மேல வேணாம்" என்று. காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. கேள்வியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு இரண்டு பக்கம் விடை எழுதி வைக்கும் பிள்ளைகளுக்கு நான் எத்தனை மதிப்பெண் குறைத்திருப்பேன். முதல் வாரம் அப்பா சிரித்த முகத்தோடு வெளியே வந்தார், "வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது" என்றார், அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது வாரமும் கலக்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் விட்டால் மறுநாள் நகராது. மணி அடித்தால்தான் எழுவது என்று ஒரு வகுப்பைப் பழக்கிவிட்டால் அப்புறம் அது தானாக எழுந்திருக்காது, குடலும் அப்படித்தான் போலிருக்கிறது. அரைக் கரண்டி ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. எட்டு மாதம், தினமும். கால் தளர்ந்தபோது வயசாச்சு என்றோம். போன செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தார்.

டாக்டர் என்னிடம்தான் கேட்டார், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று. பிரஷருக்கு நீர் போகிற மாத்திரை, அதைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லையம்மா. அந்தப் பாட்டில் மாத்திரை டப்பாவோடு இருந்தால் நினைவுக்கு வந்திருக்கும், அது சமையலறை அலமாரியில் தேயிலைக்குப் பக்கத்தில் இருந்தது. மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்தது, ஊசி வழியாக ஏற்றினார்கள், ஏறியது, மறுநாளே இறங்கியது. எங்கே போகிறது என்று அவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, தினமும் காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, அந்தக் கஷாயத்தை பிளாஸ்கில் ஊற்றி எடுத்து வந்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நர்ஸ் அதை முகர்ந்து பார்த்து, "என்னம்மா இது, காப்பியா?" என்றாள். வயிற்றுக்கு என்றேன். "அட அம்மா, இதைத்தானே மூணு நாளா தேடிக்கிட்டிருக்கோம்!" என்று தலையில் கைவைத்தாள்.

டாக்டர் வந்து கேட்டபோது அப்பா முந்திக்கொண்டு, "அவளுக்குத் தெரியாது சார், நானே கலக்கிக் குடிச்சேன்" என்றார். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன், டாக்டர் தாளில் எழுதிக்கொண்டார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நீர் மாத்திரையும் பட்டையும் சேர்ந்து அந்தப் பொட்டாசிய உப்பை வெளியேற்றிவிட்டன என்று விளக்கினார். அப்போது உன் நினைவு வந்து, கர்ப்பமாக இருப்பவர்கள் குடித்தால் என்று கேட்டேன். தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றார்.

இரும்புச்சத்து மாத்திரையால் உனக்கும் சிக்கல் என்று நீ சொன்னபோது, உன் தோழியிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியவள் நான்தானே. அதனால்தான் நேற்று போன் செய்து அதைத் தூக்கிப் போடு என்றேன், ஏன் என்று கேட்டாய், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், பூஞ்சை பிடித்திருக்கும் என்று பொய் சொன்னேன். "நல்லாத்தாம்மா இருக்கு, கசப்புகூட மாறல" என்று நீ சிரித்தாய். அந்த வார்த்தை நேற்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கசப்பு மாறவில்லை என்று குடித்தவளுக்குத்தான் தெரியும்.

திட்ட மாட்டேன். எத்தனை நாள் குடித்தாய் என்று ஒரே ஓர் எண்ணை எனக்கு அனுப்பு. பாட்டிலை நான் சொன்னபடி தூக்கிப் போட்டிருந்தால் குப்பையிலிருந்து எடு. உன் டாக்டரிடம் அதையே கொண்டுபோ, என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்டால் என்னைப் போல ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதே. தண்ணீர் நிறையக் குடி, காலாற நட, கால் கனத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ வாரம் எண்ணிக்கொண்டு காத்திருக்காதே, அன்றைக்கே போ. அப்பாவுக்கு நாளை வரும் முடிவை எதையும் மறைக்காமல் சொல்கிறேன், அவரிடம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், குழந்தைக்கு அதைவிட அதிகம். மறக்காதே, பாட்டிலின் சீட்டில் என் கையெழுத்தில் இரண்டு தேதி இருக்கும். எத்தனை நாள் குடிக்கலாம் என்று நான் எழுதாமல் விட்ட இடம் கீழே காலியாக இருக்கிறது. அதில் நீ குடித்த நாட்களை உன் கையால் எழுதி எடுத்துப் போ.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா