ராணி ஏறினால் மோத்தி ஏறாது

என் அடாவடி பத்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்திலேயே "விசயத்துக்கு வா" என்று அதட்டுவாய். எல்லாரும் பத்திரம். முப்பத்தொரு நாய்கள், நாலு பூனைகள், ஒன்றுகூடப் போகவில்லை. நானும் இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

இனி திட்டு. உன்னை ஒரு மூச்சு திட்டித் தீர்க்காமல் எனக்கு மனசு ஆறாது.

நம் ஷெட் இருக்கிற இடம் உனக்குத் தெரியாததா? முத்தா ஆற்றை ஒட்டி, யாரோ ஒரு புண்ணியவான் சும்மா கொடுத்த பள்ளம், அதன்மேல் ஒரு தகரக் கூரை. அடிபட்டுக் கிடக்கிற நாய்களையும், லோஹேகாவ் ஏர்போர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகிற நாய்களையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்போம். வளர்க்க ஆள் கிடைத்தால் வண்டி பிடித்து அனுப்பிவைப்போம். ஆறு வருஷம் நாம் இரண்டு பேரும் வீட்டு வேலையோடு வேலையாக இதைத்தானே செய்தோம்? போன், வண்டி, வழி எல்லாம் என் பொறுப்பு. நாய்கள் உன் பொறுப்பு. எதை எதோடு ஏற்றலாம், எது எதைக் கண்டால் பாயும் என்பதெல்லாம் உன் மண்டைக்குள்.

எழுதி வை, எழுதி வை என்று எத்தனை தரம் கெஞ்சினேன்? நோட்டுகூட நானே வாங்கிக் கொடுத்தேன். "இன்னாத்துக்கு எழுதணும்? நான் எங்கனா ஓடிப் போவப் போறனா?" என்று சிரித்தாய். மார்ச்சில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். நோட்டைத் திறந்து பார்த்தால் ஒரு வரி இல்லை. உன் காரியத்தன்றுகூட அந்த வெற்று நோட்டை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையை அப்படி மாற்றிக்கொண்டேனோ என்னவோ.

இந்த ஆகஸ்டில் கடக்வாஸ்லா அணை நிரம்பிவிட்டது. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் மராட்டிக்கார அம்மா சாந்தா மாவ்ஷி பதறிப் போய் போன் செய்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டார்களாம், போலீஸ் ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறார்களாம். சாயங்காலத்துக்குள் ஷெட் முங்கிவிடும் என்றாள்.

நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், பத்மா. பத்து மணிக்குள் மூன்று டெம்போ பிடித்தேன். சாகணில் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு காலி கோடவுனும் கிடைத்தது. நம் பழைய ஏற்பாடுதான்: ஒரு மிஸ்டு கால் என்றால் வண்டி கிளம்பியாச்சு, இரண்டு என்றால் போய்ச் சேர்ந்தாச்சு. ஆனால் யாரை யாரோடு ஏற்றுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் மளிகைச் சாமான் அடுக்குகிற வித்தைதான். பெரியவை ஒரு வண்டி, நடுத்தரம் ஒரு வண்டி, குட்டியும் கிழடும் ஒரு வண்டி என்று பிரித்துவிட்டேன்.

பெரியவை போன டெம்போ ஸ்வார்கேட்டைத் தாண்டவில்லை. என் போன் ஒரு தரமோ இரண்டு தரமோ அடிக்கவில்லை, விடாமல் அடித்தது. உள்ளே ஒரே ரணகளமாம். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்தால் மோத்தியின் காது கிழிந்து தொங்குகிறது, ராணியின் வாயெல்லாம் ரத்தம். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு, தன்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று ஹிந்தியில் சொன்னான். மற்ற இரண்டு டிரைவர்களும் இறங்கி ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். தண்ணீர் கீழ்ப் படிக்கட்டைத் தொட்டுவிட்டது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் ஒரு வாயில்லா ஜீவன் செத்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? நீயே இல்லை, அப்புறம் என்ன முகம் என்றும் தோன்றியது.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உன் வீட்டுக்காரர்.

குணசேகரன் அண்ணனைப் பற்றி நீ என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாய்! கட்கி பேக்டரியிலிருந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். "நான் வாய் வலிக்கப் பேசுவேன், அது பாட்டுக்கு துன்னுகினு இருக்கும். செவுத்தாண்ட பேசினாலே தேவல" என்பாய். ஆறு வருஷத்தில் ஷெட் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. நீ போன பிறகும் எங்களை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கல்லு மனுஷன் என்று நானே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரேடியோவில் அணை செய்தி கேட்டதும் லீவு சொல்லிவிட்டு வந்தாராம். ரெயின்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டெம்போவை எட்டிப் பார்த்துவிட்டு, "ராணியையும் மோத்தியையும் ஒண்ணா ஏத்திட்டீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. "இதுல ராணி எதும்மா?"

பெயர் தெரிகிறது, குணம் தெரிகிறது, முகம் தெரியவில்லை!

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மாவ்ஷி ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து பெயரைச் சொன்னாள். அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஒப்பித்தார். ராணி ஏறினால் மோத்தி ஏறாது. இரண்டையும் ஒரே வண்டியில் விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் லங்கடா இருக்கணும், மூணுகால் நாய் முன்னால் இரண்டும் வாலைச் சுருட்டிக்கொள்ளும். சம்பாவுக்குத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் ஆகாது, தலைமேல் கோணி போடணும். பூரா என்கிற நாய் எங்கே போனாலும் குட்டிகளோடுதான் போகும், ஆண் நாய்தான், ஆனால் தாயாட்டம் பார்த்துக்கும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "பத்மா சொல்லிச்சு" என்று முடித்தார். எத்தனை தரம் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன்.

அவர் சொன்னபடியே நானும் மாவ்ஷியும் பிரித்து ஏற்றினோம். சத்தம் அடங்கினதும் டிரைவர்கள் தாங்களாகவே வண்டியில் ஏறினார்கள். "உள்ள வாங்கண்ணா, நனையறீங்க" என்று கூப்பிட்டேன். அவர் கேட்டை இன்னும் இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. எனக்கு நாய்ன்னா சின்ன வயசுலேர்ந்து பயம். பத்மாவாண்டகூட சொன்னதில்ல."

பத்மா, உனக்கு இது தெரியுமா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாயா?

நாலு மணிக்குக் கடைசி வண்டி கிளம்பியது. கேட்டைச் சாத்தும்போது எனக்கு முழங்கால் வரை தண்ணீர். ஆறரை மணிக்கு போன் இரண்டு தரம் அடித்து நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. நானும் மாவ்ஷியும் ரோட்டோரத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம். பக்கத்து வடாபாவ் கடைக்காரர் கேட்காமலே டீ கொடுத்தார். அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததில்லை.

ஷெட் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. இப்போது மேட்டில் வேறு இடம் பார்த்திருக்கிறோம், அடுத்த வாரம் எல்லாரையும் கூட்டி வந்துவிடலாம். மோத்தியின் காதுக்குத் தையல் போட்டாயிற்று. நோட்டும் நிரம்பிவிட்டது. அண்ணன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நீ சொன்ன வசவுகளைக்கூட விடாமல் சொல்கிறார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்த மறுநாளிலிருந்து சரியாக ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வருகிறது. இன்றைக்கு எதுக்கு எதோடு சண்டை, எது சாப்பிடவில்லை, எதைப் பார்க்க யார் வந்தார்கள் என்று கேட்கிறார். நான் சொல்வேன், அவர் ம் கொட்டுவார். அவ்வளவுதான் பேச்சு. முந்தாநாள் விருந்தாளி வந்து, போனை எடுக்க எட்டு மணி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லம்மா. சோறு போட்டுகினு குந்தினுகீறேன். நீ சொன்னாதான் எறங்கும்" என்றார்.

ராணி இன்று என்ன செய்தாள் என்று ஆரம்பித்தேன்.

இனி தினமும் சொல்வேன், பத்மா. உன் மாதிரி கையைக் காலை ஆட்டி, குரைத்துக் காட்டியெல்லாம் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் ஊருக்குப் போனாலும், காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு நாள் விடமாட்டேன். அவர் சாப்பிட்டுவிடுவார். நீ கவலைப்படாதே.

உன்னைக் கேட்காமலே உனக்கு நாத்தனாராகிவிட்ட,
கோகிலா