தாளில் இருந்தது ஆறு வாரம்

1960 மே 16, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். பதினெட்டு வருடம் இந்த அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக வேலை பார்த்திருக்கிறேன். நேற்று வந்த கலியாணசுந்தரம் இன்று தலைமைக் கிராணி. அவன் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது நான். அடியில் கையெழுத்துப் போடுவது அவன். மெர்டேக்கா வந்தால், நாடு சுதந்திரமானால், தகுதி பார்ப்பார்கள் என்றார்கள். பார்த்தார்கள் - யார் யாரோடு பூப்பந்து ஆடுகிறார்கள் என்று.

மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட வேண்டியதுதான். மொட்டைக் கடிதம். இதற்கு முன் மூன்று பேருக்கு எதிராக எழுதியிருக்கிறேன், எல்லாம் இடது கையால். எழுத்துப் பிழைகளை யோசித்து யோசித்துப் போடுவேன். படித்தவன் எழுதியது என்று தெரியக்கூடாது. அந்தப் பிழைகளைப் போடும்போதுதான் எனக்கு வலிக்கும்.

என் மனைவி கமலவேணி சிங்கப்பூரில், அவள் தங்கை சந்திரமதி வீட்டில் இருக்கிறாள். வயிற்றில் கட்டி, சின்ன ஆப்பரேஷன் என்று சொல்லிப் போனாள். சந்திரமதி அங்கே நர்ஸ். நான் கூடப் போகவில்லை. லீவு வேண்டுமென்றால் கலியாணசுந்தரத்திடம் கேட்க வேண்டும்.

மே 20, வெள்ளி

மாலை நாலு மணிக்கு டாக்சி வந்து நின்றது. கமலவேணி கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு இறங்கினாள். கதவைக்கூட அவள் திறக்கவில்லை, சந்திரமதி திறந்தாள். உள்ளே வந்து உட்கார வைத்த பிறகு சந்திரமதி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வயித்துக்கு இல்ல அத்தான்."

"பின்னே?"

அவள் தன் நெஞ்சின் மேல் கையை வைத்துக் காட்டினாள். "பெருசாக்கி இருக்கு. ஒரு மாதிரி ஸ்பாஞ்சு. ரெண்டு பக்கமும் உள்ள வச்சுத் தைச்சிருக்காங்க. வெள்ளைக்கார டாக்டர், நல்ல கை. அக்காதான் ஒரு வருஷமா என்னை நச்சரிச்சா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன். யாரைக் கேட்டு இதெல்லாம்? முப்பத்தெட்டு வயசில் இதென்ன கூத்து?

கமலவேணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பலகைன்னு சொன்னீங்களே."

நான் அந்தச் சொல்லை மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடம் முன்பு, தீபாவளி. கலியாணசுந்தரம் மனைவியோடு வந்திருந்தான். அடுத்த வீட்டு நல்லையாவும் இருந்தார். எதற்கோ சிரிப்பு வந்தது, என்னைப் பார்த்தும் சிரித்துவிடுவார்களோ என்று முந்திக்கொண்டு சொன்னேன்: "எல்லாருக்கும் பெண்சாதி கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தது பலகை." எல்லாரும் சிரித்தார்கள். அவள் அடுப்படியில் இருந்தாள் என்றுதான் நினைத்தேன்.

சந்திரமதி டாக்டர் கொடுத்த தாளை என்னிடம் நீட்டினாள். ஆங்கிலத்தில் டைப் அடித்த பதினொரு வரி. "நீங்கதான் படிச்சவரு, அக்காவுக்குச் சொல்லுங்க" என்றாள். அதே டாக்சியில் திரும்பிப் போய்விட்டாள், நாளைக்கு டியூட்டியாம்.

மே 21, சனி

ஆப்பரேஷனுக்குப் பிறகு போட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்த பாடி சாதாரண உள்பாடி இல்லை. தடித்த வெள்ளைத் துணி, தோளில் மூன்று விரல் அகலப் பட்டை, கீழே விலா வரைக்கும் இறங்குகிறது, முதுகில் ஏழு கொக்கி. கமலவேணியால் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. நான்தான் மாட்ட வேண்டும்.

"இழுத்து மாட்டுங்க. தளர்வா இருந்தா உள்ள வச்சது நகந்துடுமாம்."

மூன்றாவது கொக்கி மாட்டும்போது கண்ணில் பட்டது. அவள் முதுகில் ஒரு மச்சம் இருக்கிறது. அது இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. எத்தனை வருடமாயிற்று? நான் எண்ணப் போவதில்லை.

மே 24, செவ்வாய்

மாற்றிக்கொள்ள இரண்டே பாடிதான். ஒன்றைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லையா வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். வாய் சும்மா இருக்காது.

"என்ன தம்பி, வீட்டில குதிரை வாங்கியிருக்கிறீரோ? சேணம் காயுது."

காது சுட்டது. பாடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். இனி அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் காய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அங்க காயாதுங்க."

"காயுமட்டும் காயட்டும்."

மே 26, வியாழன்

காயவில்லை. ஈரத்தோடு மாட்டிவிட்டேன். ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தாள், அவ்வளவுதான்.

மே 29, ஞாயிறு

கலியாணசுந்தரம் மனைவி பொன்னம்மாவோடு வந்து மகள் திருமணத்துக்கு அழைத்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு. புது வெள்ளைச் சட்டை. என் தோளைத் தட்டி, "நீங்க முன்வரிசையில இருக்கணும் அண்ணே" என்றான். பதவியைப் பறித்தவன் நாற்காலி கொடுக்கிறான்.

அவர்கள் போன பிறகு கமலவேணி அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். பட்டு ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். பட்டை இரண்டும் தோளில் மேடு கட்டித் தெரிந்தன. முதுகில் கொக்கி வரிசை ஒரு எலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் அலுவலகம் முழுவதும் இருக்கும். இப்போதே என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள்.

"எத்தனை நாள் போடணும்? தாள்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

தாளை எடுத்தேன். ஆறாவது வரி. ஆறு வாரம், இரவும் பகலும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். அதற்கு அடுத்த வரி, கை தோளுக்கு மேல் உயரக்கூடாது என்பது. எண்ணாகப் போட்டிருந்தால் அவளே படித்திருப்பாள். எழுத்தாக அடித்திருந்தார்கள்.

"ரெண்டு வாரம்" என்றேன்.

"வீட்டுக்கு வந்ததிலிருந்தா?"

"ஆமாம். வெள்ளியோடு முடிகிறது."

தாளை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டேன். ஒன்றும் ஆகாது. இந்த டாக்டர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள்.

ஜூன் 3, வெள்ளி

காலையில் பாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தாள்ல சரியாத்தானே பாத்தீங்க?"

"எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றியா நீ?"

அவள் பெட்டியிலிருந்து முன்பக்கம் கொக்கி வைத்த பழைய சாதாரணப் பாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 5, ஞாயிறு

திருமணம் நன்றாகத்தான் நடந்தது. எழுத வேண்டியது அது இல்லை.

மாம்பழ நிறச் சேலையில் கமலவேணி உள்ளே நுழைந்தபோது பெண்கள் பக்கம் ஒரு கணம் பேச்சு நின்றது. பொன்னம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிங்கப்பூர் தண்ணி நல்லா ஒத்துக்கிடுச்சு போல கமலம். எனக்கும் ரெண்டு பாட்டில் கொண்டாந்திருக்கலாம்ல" என்றாள். சிரித்தார்கள். கலியாணசுந்தரம் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மணி நேரம் போல, முன்வரிசையில் உட்கார்ந்து பெருமைப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

தாலி கட்டும்போது அட்சதை போட அவள் கையை உயரத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வந்தது. திரும்பும்போது வண்டியில் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லங்க. சேலை கனம்."

ஜூன் 8, புதன்

காய்ச்சல். இடது பக்கம் சிவந்து, கல் மாதிரி இறுகி, மேலே ஏறி நிற்கிறது. வலது பக்கம் ஒழுங்காக இருக்கிறது. அவள் காட்ட மாட்டேன் என்றாள். பிறகு காட்டினாள்.

ஜூன் 9, வியாழன்

இங்கே எந்த டாக்டரிடமும் போக மாட்டேன் என்கிறாள். ஊருக்குத் தெரிந்துவிடுமாம். "நீங்களும் அதைத்தானே பாப்பீங்க" என்றாள். சந்திரமதிக்குத் தந்தி அடித்தேன். தந்தி ஆபீசில் என்ன எழுதுவது? 'அக்காவுக்கு உடல்நிலை சரியில்லை' என்று மட்டும் எழுதினேன். கடைசி வரை எனக்கு நான்தான் முக்கியம்.

மத்தியானம் அரைத் தூக்கத்தில் சொன்னாள்: "நான்தான் என்னமோ தப்பாப் பண்ணிட்டேன். அட்சதை போட்டிருக்கக்கூடாது."

நான் அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பொய், வரவில்லை.

ஜூன் 11, சனி

காலையிலேயே சந்திரமதி வந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய பாடியை இரண்டு விரலால் தூக்கினாள்.

"என்னக்கா இது? அது எங்க?"

"கழட்டிட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"ஆறு வாரம்னு தாள்லயே போட்டுக் குடுத்தாங்களே. யாரு கழட்டச் சொன்னது?"

கமலவேணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கு இப்போதுதான் புரிந்தவள் மாதிரி பார்த்தாள்.

பிறகு தங்கையிடம் திரும்பினாள். "யாரும் சொல்லல. நான்தான். புழுக்கம் தாங்கல."

"புழுக்கமா? உனக்கென்ன பைத்தியமா? அத்தான், நீங்களாவது சொல்லக்கூடாதா? படிச்ச மனுசன் வீட்டுல இருந்துக்கிட்டு..."

சந்திரமதி திட்டிக்கொண்டே சாமான்களைக் கட்டினாள். நான் படித்த மனிதனாக நின்றேன்.

டாக்சியில் ஏறும் முன் கமலவேணி இரண்டே விஷயம் சொன்னாள். மண்ணெண்ணெய் டின் அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு, "அந்தத் தாளைக் குடுங்க." அகராதியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளால் படிக்க முடியாத தாள். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 15, புதன்

சந்திரமதியின் கடிதம். இடது பக்கத்தில் வைத்ததை எடுத்துவிட்டார்களாம். காய்ச்சல் இறங்கிவிட்டது. வலது பக்கத்துக்காக மறுபடி அந்தப் பாடியைப் போட்டிருக்கிறாள், முதலிலிருந்து ஆறு வாரம். 'ஒரு பக்கம் துணி வைத்து அடைத்திருக்கிறோம். அக்கா அதிகம் பேசுவதில்லை. எப்போது அங்கே வருவாள் என்று நான் கேட்கவில்லை.'

அவளுக்கு இப்போது யார் கொக்கி மாட்டுகிறார்கள்?

ஜூன் 18, சனி

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இன்னொரு பாடி அப்படியே தொங்குகிறது. தொட்டுப் பார்த்தேன். இத்தனை நாளாகியும் நமத்துப் போயிருந்தது. ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், இரண்டு அலசு அலசினேன், கொல்லைக் கொடியில் வெயில் படும் இடத்தில் பட்டைகளை விரித்துப் போட்டேன்.

நல்லையா தண்ணீர்க் குழாயோடு வேலியருகே வந்தார். சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. நானே முந்தினேன்.

"என் மனைவியுடையது. அவளுக்கு ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது."

அவர் குழாயை மூடினார். "கமலம் பிள்ளை எப்பிடி இருக்குது இப்ப?"

"தெரியல ஐயா."

பாடி ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிட்டது. ஒரே மத்தியானம்.

ஜூன் 19, ஞாயிறு

கலியாணசுந்தரத்துக்கு எதிராக எழுதி வைத்திருந்த மொட்டைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம், இடது கை, திட்டமிட்ட பிழைகள். அதில் ஒரு வரி: 'தெரிந்தே தவறான தகவல் தரும் பழக்கம் உள்ளவர்.' அடுப்பில் போட்டேன்.

பிறகு வலது கையால் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள கமலம்' என்று ஆரம்பித்தேன், நின்றுவிட்டது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் என் பதவி உயர்வு வருகிறது, கலியாணசுந்தரம் வருகிறான், நல்லையா வருகிறார். நாலு தாள் கிழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். டாக்டரின் தாள் எனக்கு மனப்பாடம். பதினொரு வரியையும் நல்ல தமிழில் எழுதினேன், ஒரு பிழை இல்லாமல். 'ஆறு வாரம், இரவும் பகலும்.' 'பாடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்' - அதுவும் இருந்தது, ஒன்பதாவது வரி. 'காய்ச்சலோ சிவப்போ கண்டால் உடனே வரவும்.' இனி அவளுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பக்கத்தில் என் வரிகள்:

'தாளில் ஆறு வாரம் என்றுதான் இருந்தது. இரண்டு என்று நான் தெரிந்தே படித்தேன். அட்சதை போட்டதால் இல்லை. தீபாவளியன்று நீ தட்டோடு வாசற்படியில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.'

இதை இந்த நோட்டில்கூட நான் எழுதியிருக்கவில்லை.

பாடியை மடித்து ஒரு பொட்டலமாகக் கட்டிவிட்டேன், கடிதம் உள்ளே. கட்டுவதற்கு முன் கடிதத்தின் கீழே 'இப்படிக்கு' என்று எழுதி, பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உன் கணவன் என்று போடலாமா? அதை இனி அவள்தான் சொல்ல வேண்டும். 'இப்படிக்கு' என்பதையும் அடித்துவிட்டேன்.

நாளை அலுவலகத்துக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன். கையெழுத்துப் போடவில்லை. என் எழுத்து அவளுக்குத் தெரியும்.