மூன்று வருஷம் நட்ட முளைக்குச்சிகள்

இன்று மத்தியானம் கழுதைகள் இறங்கி வந்தன. நாலு கழுதை, எட்டு மூட்டை மிளகு. நீயானால் எட்டு நடை நடந்திருப்பாய். கடை வாசலில் மூட்டையை அவிழ்த்ததும் மிளகு வாசனையோடு கழுதை வாசனையும் சேர்ந்து வந்தது. உன் காலத்தில் நம் மிளகில் உன் வேர்வையும் உன் வீட்டு அடுப்புப் புகையும்தான் வீசும். கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தராசைப் பிடித்தேன்.

நீ மலைமேல் பைல் நாட்டுக்காரன், நான் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தான். மலையில் மிளகு சேர்த்து இறக்குவது உன் பாடு, கீழே கடை வைத்து விற்பது என் பாடு, லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று கூட்டு சேர்ந்தோம். பேச்சு சுலபமாக முடிந்துவிட்டது. மலைக்கு ரோடு கிடையாது. சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, கல்லும் முள்ளுமான தடத்தில் அரை நாள் இறங்க வேண்டும். அந்தத் தடத்தில் வெறுங்கையோடு ஏறியே நாலு இடத்தில் உட்கார்ந்தவன் நான்.

முதல் வருஷமே வியாபாரம் பிடித்துக்கொண்டது. சேலத்து மண்டிக்காரர் ஒருவர், எத்தனை மூட்டை வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். உனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங்க, நாலு கழுதை புடிச்சுப்போட்டா பக்கத்து ஊர்க்காரங்க மொளகையும் சேத்து எறக்கிப்போடலாமுங்க" என்றாய்.

"அவசரப்படாத. இருக்கறத வெச்சு மெதுவாப் போவோம். அடுத்த வருசம் பாக்கலாம்."

"செரீங்க."

அவ்வளவுதான். சரிபாதிக் கூட்டாளி, மல்லுக்கு நின்றிருக்கலாம். மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். என் அப்பா பருத்தி வியாபாரத்தில் ஒரே வருஷத்தில் பெரிய ஆளாகப் பார்த்து, இருந்த தோட்டத்தை விட்டவர். அந்தப் பயம் என் வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு நான் நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் கேட்டாய். மலைக்கு ரோடு போட வெள்ளைக்காரத் துரை அளந்துவிட்டுப் போயிருக்கிறாராம், ரோடு வந்தால் லாரியே மேலே வரும், கழுதை எதற்கு என்றேன். அதற்கும் செரீங்கதான். மூன்றாம் வருஷம் நீ சந்தைக்குப் பிந்தி வர ஆரம்பித்தாய். மத்தியானம் வருகிறவன் பொழுது சாய வந்தாய். வழியில் எந்தக் கதைக்காரனைப் பிடித்தாய் என்று கேலி பேசினேன். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு என் பக்கம் திரும்பிச் சிரித்தாய். அதைப் பார்த்தேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. சுமைதாங்கிக் கல் ஒவ்வொன்றிலும் நீ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாய் என்று, உன்னோடு இறங்கியவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஐப்பசி மழையில் பாறை வழுக்கி மூட்டையோடு விழுந்தாய். கழுத்தில் அடி. நான் ஏறி வந்தபோது பாயில் அசையாமல் கிடந்தாய். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"மூட்டை நனைஞ்சு போச்சுங்களா?"

இல்லை என்று பொய் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் போய்விட்டாய்.

காரியத்தன்று உன் வாசலோரம் நாலு முளைக்குச்சிகள் வரிசையாக நின்றன. உன் மாடு வேறு பக்கம் கட்டியிருந்தது. இது எதற்கு என்று உன் சம்சாரத்தைக் கேட்டேன்.

"கழுதை கட்டறதுக்குங்ணா. வருசா வருசம் கறையான் அரிச்சுப்போடும். இந்த வருசம் எப்படியும் வந்துருமுன்னு அவுரும் புதுசா நட்டுக்கிட்டே இருந்தாருங்க."

பாவி நான். மெதுவாகப் போவோம் என்று கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அந்த மெதுவை மூன்று வருஷம் தலையில் சுமந்து நடந்தவன் நீ. ஒரு வியாபாரம் நிதானமாக வளர்வது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அது யார் கழுத்தின் மேல் உட்கார்ந்து வளர்கிறது என்று ஒரு தடவை உன்னோடு சேர்ந்து இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

கழுதைகளை அடுத்த மாதமே வாங்கினேன். ஒரே காலைப்பொழுதில் பேசி, பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் அது. நீ நட்ட குச்சிகளில்தான் கட்டுகிறார்கள். உன் பாதி உன் வீட்டுக்குப் போகிறது. ரோடு இன்னும் வரவில்லை.

உன் சும்மாட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். சந்தைதோறும் வருகிற முதல் மூட்டையை அதை வைத்து என் தலையில்தான் வாங்குகிறேன். வாசலிலிருந்து தராசு வரை பன்னிரண்டு அடி. அதற்குள் கழுத்து விண்விண் என்று தெறிக்கிறது. கடையில் இருப்பவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டையை இறக்கி, அடியில் கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, உனக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறேன்:

"நனையலீங்க."