பிடித்த பிடியை விடாத ஜவ்வு

பிடித்தால் விடாதவளே,

பத்து மாதம் கழித்து இன்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் கபடி ஆடலாம்! ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஓடிக் காட்டினேன். "மெதுவா போங்க!" என்று நர்ஸ் கத்தினார்.

முட்டிக்குள் ஜவ்வு அறுபடவே இல்லையாம். எலும்பில் ஒரு சில்லையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. உன்னைப் போலத்தான், பிடித்ததை விடவில்லை. அப்பா முதலில் நாட்டு வைத்தியரிடம் முட்டைப் பத்துப் போட்டுக் கட்டவைத்ததில் பன்னிரண்டு நாள் வீண். பிறகு டாக்டர் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, சில்லை நூலால் இழுத்து அதன் இடத்திலேயே கட்டினார். டிவியில் நானே பார்த்தேனடி! தழும்பெல்லாம் பொட்டளவுதான்.

ஈர மண்ணில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நாம் இருவர் மட்டும் பயிற்சி செய்த அன்று மைதானம் காய்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து நீ மைதானத்துப் பக்கமே வருவதில்லையாம். "அவ இல்லாம கணுக்கால் பிடிக்க ஆளே இல்ல கண்ணு" என்று கோச் புலம்புகிறார்.

ஞாயிறு காலை இண்டூர் மைதானத்துக்கு வா. நான் கபடி பாடி வருவேன். அன்று பிடித்த அதே காலைப் பிடி. பாவம் பார்த்துப் பிடியைத் தளர்த்தினாயோ, அத்தோடு நமக்குள் பேச்சு கிடையாது.

உன் எதிரணிக்காரி