நான்காம் பிரிவில் ஒரு வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்துக்கு இரண்டு வரி போடு.

இதில் மூன்று விஷயங்கள்:
1. அம்மாவின் முழங்கால்.
2. நகராட்சியில் உன் சித்தப்பா செய்தது.
3. நான் ஏன் வாய் திறக்கப்போவதில்லை.

அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படிதான் இன்னும் ஏற முடியவில்லை.

இரண்டாவது. இங்கே மன்றத்தின் ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு ஃபைலைத் தேடுவார்கள், மறு ஆண்டு ஓட்டைத் தேடுவார்கள். நம் தெருச் சாக்கடைக்கு மூன்று முறை குழி வெட்டினார்கள். மூன்று முறையும் அடுத்து வந்தவர்கள் மூடினார்கள். ஆகவே ஐந்தாண்டு வேண்டும் என்று, தலைவராக இருக்கும் உன் சித்தப்பா சொன்னபோது எனக்கும் சரியென்றே பட்டது. அங்கே முப்பத்தொரு வருடம் தீர்மானம் எழுதிய கை என்னுடையது. வரைவையும் நானே எழுதினேன். தங்கள் ஆயுளைத் தாங்களே கூட்டிக்கொள்ளக் கூடாதென்று, நான்காம் பிரிவில் ‘அடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் மன்றம் முதல்’ என்று போட்டேன். அதைப் படித்துக்காட்டித்தான் வீடு வீடாக நானூறு கையெழுத்து வாங்கினேன்.

தட்டச்சாகி வந்ததை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சர்வீஸில் ஒரு நாளும் செய்யாத தவறு. பார்க்கட்டுமா என்று கேட்டேன். “நீங்க எழுதினதுல நான் கை வைப்பேனாண்ணே?” என்றான். தம்பியைச் சந்தேகிப்பதாகுமே என்று கூசினேன். நிறைவேறிய தீர்மானத்தில் ‘தற்போதைய மன்றம் முதல்’ என்று இருக்கிறது. இந்த ஆண்டு நடக்கவேண்டிய தேர்தல் இல்லை.

போய்க் கேட்டேன். “அதான் இன்னும் மூணு வருஷம் இருக்கே, சாக்கடைக்கு என்ன அவசரம்?” என்று சிரித்தான். நான் கேட்கப்போனது சாக்கடையை அல்ல.

மறுநாள் எதிர்வீட்டுத் தையற்காரர் வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. “உங்க மூஞ்சியப் பாத்துத்தான சார் கையெழுத்துப் போட்டேன்” என்றார். கையெழுத்துப் போட்டவர்கள் வழக்குப் போடுகிறார்கள், நான் கைப்பட எழுதிய வரைவின் நகல் வேண்டுமாம். அது என் பெட்டியில் இருக்கிறது.

மூன்றாவது. அவன் நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. உன் கல்யாணத்தை முன்நின்று நடத்த வேண்டியவன். குடும்ப விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று முன்பொரு முறை நீயும் எழுதியிருந்தாய். அதனால் பேசாமல் இருக்கிறேன்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது தவறம்மா. நானூறு பேரின் ஓட்டு நம் குடும்ப விஷயம் ஆகாது. நகலைக் காலையில் தையற்காரரிடம் கொடுக்கிறேன். சித்தப்பா உனக்கு ஃபோன் செய்வான். மரியாதை குறையாமல் பேசு. பந்தலுக்கு அவன் வராமல் போனால் இந்த அப்பாவை மன்னித்துவிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா