கேட்காமல் கத்தரித்த கம்பளி

1816, மே 30

வாளித் தண்ணீரில் இன்றும் ஏடு கட்டியது போல ஐஸ். மேப்பிள் மரங்களே இலை விட யோசிக்கின்றன. என் வீட்டுக்காரர் அசகேலோ கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துப் பண்ணைகளில் கம்பளி வெட்ட ஆடுகளை ஓடையில் குளிப்பாட்டிவிட்டார்களாம், நாம் பிந்தினால் மானம் போய்விடுமாம். "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, குளிர் விடலையே" என்றேன். "பஞ்சாங்கத்துல வெயில்னு போட்டிருக்கு" என்றார். பஞ்சாங்கம் அச்சடித்தவன் வெர்மாண்டுக்கு வந்து எங்கள் கொட்டகையிலா படுத்திருக்கிறான்?

ஜூன் 5

நல்ல வெயில். அடுப்படியில் நிற்க முடியவில்லை. அவரும் அவர் தம்பி யோத்தாமும் மந்தை முழுவதற்கும் கம்பளி வெட்டி முடித்துவிட்டார்கள். "எங்க அண்ணி, உங்க குளிரு? ஓடிப்போச்சா?" என்று யோத்தாம் சிரித்தான். மெரினோ ஆடுகள் எல்லாம் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி நிற்கின்றன.

ஜூன் 6

பனி பெய்கிறது. ஜூனில்.

ஜூன் 8

விடவே இல்லை. வேலியோரம் முழங்கால் அளவு குவிந்து கிடக்கிறது. கொட்டகையில் ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கி, காலையில் அடியில் செத்துக் கிடந்தவற்றை இழுத்துப் போட்டோம். பிறகு மச்சில் சுருட்டி வைத்திருந்த கம்பளியை இறக்கி, பிரித்து, ஆடுகளின் முதுகில் போர்த்திச் சணல் கயிற்றால் கட்டினோம். எந்தக் கம்பளி எந்த ஆட்டுடையது என்று யாருக்குத் தெரியும்? கட்டி முடித்தால் உதறிவிடுகிறது. மறுபடி கட்டு. கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள் ஸில்பா, "அம்மா, இது வேற ஆட்டோட சட்டைம்மா, அதான் பிடிக்கல போல" என்றாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

கை வெடித்து எழுத முடியவில்லை. அசகேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நீ அப்பவே சொன்னியே' என்று சொன்னால் நாக்கு வெந்துவிடுமா?

ஜூன் 9, ஞாயிறு

பனிக்குக் காரணம் நம் பாவம் என்றார் போதகர். அசகேல் பெஞ்சில் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தால் யோத்தாம் புகை படிந்த கண்ணாடி வழியே சூரியனைப் பார்க்கிறான், அதில் கரும்புள்ளி விழுந்திருக்கிறதாம், அதுதான் காரணமாம். மேட்டு வீட்டுக்காரர் இடிதாங்கிதான் சூட்டை உறிஞ்சுகிறதென்று கூரையிலிருந்து பிடுங்கியே போட்டுவிட்டார். ஆளுக்கொரு காரணம். கத்தரியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

ஜூலை 9

மறுபடி உறைபனி. அவரைச் செடி எல்லாம் கருகிவிட்டது. சோளம் பாதி தப்பியது.

ஆகஸ்ட் 22

அந்தப் பாதியும் போயிற்று. வயலைச் சுற்றி நெருப்பு மூட்டியும் பயனில்லை.

மதுக்கடையிலிருந்து வந்த அசகேலின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். "மேற்க, ஓஹையோ போறோம் லோவினா. அங்க கருப்பு மண்ணாம், ஏர்ல ஒரு கல்லு தட்டாதாம்." யார் சொன்னது? வழியில் தங்கிய ஒரு வண்டிக்காரன். அப்படித்தான் ஐந்து வருஷத்துக்கு முன் கம்பளியில் பணம் கொட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மெரினோ ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். யோத்தாம் தன் பங்கு ஆடுகளை விற்றுவிட்டானாம்.

"வானம் பண்ணினதுக்கு நிலம் என்னங்க பண்ணும்? உருளைக்கிழங்கு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"முடிவு பண்ணியாச்சு."

யார் பண்ணியது? இது என் அப்பா மரம் வெட்டித் திருத்தி, என் பேருக்கு எழுதி வைத்த நிலம். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு அடியும் விற்க முடியாது. அது அவருக்குத் தெரியும். நான் போட்டுவிடுவேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், அதுதான் எனக்கு எரிகிறது.

செப்டம்பர் 30

யோத்தாம் வண்டி கட்டிப் புறப்பட்டான். "அங்க வந்து என் சோளத்தைப் பாத்துட்டுப் பேசுங்க அண்ணி" என்றான். ஆள் நல்லவன்தான். போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அக்டோபர் 14

வாங்க ஆள் வந்தாயிற்று. கடைத்தெரு வியாபாரி. என் கிணற்றை எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்டோபர் 24

நீதிபதி ஹாப்பர் வீட்டுக்குப் போனோம். மனைவி பேரிலுள்ள நிலம் என்றால் அவளைத் தனியே வைத்து விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். கிழவர் அசகேலையும் வியாபாரியையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். தூக்கக் கலக்கம் அவருக்கு. இறகுப் பேனாவை மையில் தோய்த்து என் பக்கம் நீட்டியபடியே, மனப்பாடமாகக் கேட்டார்: "இது உன் சொந்த விருப்பமாம்மா? வீட்டுக்காரர் மிரட்டலுக்குப் பயந்து பண்றியா? நீயா சொல்லு."

எத்தனையோ காரணங்களை யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. இந்த வருஷம் முழுக்க என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கேட்டது ஒரு அன்னியர், அதுவும் சட்டத்துக்காக.

"விருப்பம் இல்லீங்க ஐயா."

"என்னது?"

"இல்லேன்னு சொன்னேன்."

கிழவர் விழித்துக்கொண்டார். பேனாவைத் துடைத்து வைத்தார். "காரணம் கேக்கறது என் வேலை இல்ல. கதவைத் திற" என்றார்.

திரும்பும் வழியில், பாலத்தில் அசகேல் குதிரையை நிறுத்தினார். "ஊரே பாக்க இப்படிப் பண்ணிட்டியே. முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?"

சொன்னேனே, மே மாசத்திலிருந்து சொல்லிக்கிட்டே இருக்கேனே - வாய்வரை வந்தது. "நீங்க கேக்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 29

இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. செய்தித்தாளை மட்டும் அடுப்பைப் பார்த்து உரக்க வாசிக்கிறார். மன்றோதான் அடுத்த ஜனாதிபதியாம். இந்தியானா புது மாநிலமாகிவிட்டதாம். "மேற்கே எல்லாம் வளருது" என்று அடுப்பிடம் சொன்னார். அடுப்பு பதில் சொல்லவில்லை. நானும்தான். உருளைக்கிழங்கும் ஓட்ஸ் கஞ்சியும். நாள் பசியில்லாமல் போகிறது.

1817, ஜூன் 4

அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் கத்தரி. என்னமோ சொல்ல வந்து, தொண்டையைக் கனைத்தார்.

"வெட்டலாமா?"

மாவுக் கையோடு வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? "ஒரு வாரம் போகட்டுமே" என்றேன். கத்தரியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டார்.

ஜூன் 10

கொளுத்துகிறது. ஊர் முழுக்கக் கம்பளி வெட்டியாயிற்று. எங்கள் ஆடுகள் மட்டும் நாக்கைத் தொங்கப்போட்டு நிழலைத் தேடுகின்றன. மேட்டு வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன அசகேல், ஆடு வளக்கிறியா, வேக வைக்கிறியா?" என்றார்.

"வீட்ல பொறுக்கச் சொல்லியிருக்கா" என்றார் இவர். ஜன்னல் வழியே கேட்டது.

பனி வரவில்லை. வரவும் போவதில்லை. இந்த முறை நான் சொன்னதுதான் தப்பு. நாளைக் காலையில் நானே ஆணியிலிருந்து கத்தரியை எடுத்துக் கொடுக்க வேண்டும்.